உவர் நிலமும் பழைய நெல்லும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துறைமுகத்தை நம்பி வந்து கிடர்பூரில் குடியேறிய நமக்கு நெல்லைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். அரிசியைக் கடையில் வாங்கி உண்பவர்கள்தாமே நாம்! ஆயினும், நமக்குத் தெற்கே சுந்தரவனத் தீவுகளில் நிகழ்ந்த ஒன்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

1966-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அக்காலத்திலேயே நம் தஞ்சையில் ஆடுதுறை 27 பரவிற்று. உணவுப் பஞ்சத்தை அஞ்சியிருந்த நாளில் அவை செய்த உதவியை நாம் மறுப்பதற்கில்லை. நல்ல மண்ணும் வேண்டும்போது நீரும் உரமும் வாய்த்த இடத்தில் இன்றும் உயர்விளைச்சல் நெல்லே மிகுதியாகக் காண்கிறது.

சுந்தரவனத்தில் அத்தகைய மண் ஏது? கரை எழுப்பி உவர்நீரைத் தடுத்து வைத்திருக்கும் தாழ்நிலம் அது. 2009 மே 25-இல் ஐலாப் புயல் அக்கரைகளை உடைத்தது. வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. புது நெல் அவ்வுப்பைத் தாங்கவில்லை. அப்போதுதான் உழவர் நோனா பொக்ரா, தால்முகுர், மாத்லா முதலிய பழைய நெல்லைத் தேடினர். வங்க மொழியில் 'நோனா' என்றால் உவர்ப்பு. நெல்லின் குணத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. (2005-இல் அறிவியலார் இந்நெல்லை ஆராய்ந்து, உப்பைத் தாங்க உதவும் மரபணு ஒன்றைக் கண்டறிந்தனர்.)

தேடியவர்க்கெல்லாம் விதை கிட்டியதா? இல்லை. விளைச்சல் குறைவென்று பல வீடுகளில் அவ்விதையை என்றோ கைவிட்டிருந்தனர். தேபல் தேப் என்னும் அறிஞர் 1997-இல் நிறுவிய 'விரீஹி' விதைக் களஞ்சியத்தில் காத்து வைத்திருந்தவை சிலருக்குக் கைகொடுத்தன.

உப்பு ஒன்று மட்டுமே காரணமன்று. நீர் தேங்கும் பள்ளத்தில் குட்டைப் பயிர் மூழ்கும். நெடிய பயிர் தலைநிமிர்ந்து நிற்கும். அதன் நீண்ட வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் ஆகும். விதையை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. மூட்டைக் கணக்கு மட்டும் பார்ப்பவர் இவற்றை ஏட்டில் எழுதுவதில்லை என்பது நம் குறை.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், உவர் தாங்கும் குழியடிச்சான் முதலிய பல நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். அதற்கு விலை கேட்கவில்லை. மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு. அந்த நான்கும் வேறு இரு உழவர்க்குப் போயின.