டுபாயில் மூன்று வருடம், இங்கே நாலாவது வருடம்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் டுபாயில் படித்த கதையைச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள். உங்களில் பலர் வளைகுடாவில் இருக்கும் சகோதரங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக் காசு அனுப்புகிறீர்கள். அதனால் வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

2006இல் எனக்கு 18 வயது. அப்பா டுபாயில் ஒரு கொம்பனியில் ஸ்ரோர் கீப்பர். 18 தாண்டிய ஆம்பிளைப் பிள்ளை, படித்துக்கொண்டிருந்தால்தான் தகப்பனின் விசாவில் இருக்கலாம் என்பது அன்றைய சட்டம். 2022இல்தான் அதை 25 வயதாக்கினார்கள். ஊருக்குப் போவோமென்றால், அந்த ஓகஸ்ட்டில் ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஐக்கிய அரபு இராச்சியமோ 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு.

"தம்பி, எதையாவது படி. விசா இருக்கட்டும்" எண்டார் அப்பா.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகமும் கணனியும் சேர்ந்த மூன்று வருடப் படிப்பு. காலமை கணக்கியல், பின்னேரம் டேற்றாபேஸ். அம்மாவின் தாலிக்கொடியை விற்றுத்தான் முதல் வருடக் கட்டணம் கட்டினோம். 2009இல் பட்டம் கிடைத்தது. அது முள்ளிவாய்க்கால் வருடம். வீட்டில் ஒருவரும் படம் எடுக்கவில்லை.

பிறகு நியூ ஜேர்சி வந்து, தஞ்சமும் கிடைத்தது. சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். "மூன்று வருட உயர்கல்வி" என்று மட்டும் பதில் வந்தது. இங்கே பட்டம் என்றால் வழக்கமாக நாலு வருடம், 120 கிறெடிட்.

அப்பா போனில் கேட்டார்: "அப்ப அம்மாவின்ர கொடி வீண்தானோ?"

எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது அம்மா சூட்கேசில் போட்டுவிட்ட பாடத்திட்டத் தாள்கள்தான். அவற்றைப் பார்த்து, இங்குள்ள பல்கலைக்கழகம் பல பாடங்களை ஏற்றுக்கொண்டது. பகலில் காஸ் ஸ்ரேசன், இரவில் வகுப்பு. இரண்டு வருடத்தில் முடித்தேன்.

ஆகவே காசு கட்டமுன் மூன்று விசயம் கேளுங்கோ. யார் அங்கீகரித்தது? டுபாய் அதிகாரசபையின் அனுமதி வேறு, மத்திய அரசின் அங்கீகாரம் வேறு. எத்தனை வருடம்? முத்திரை வைத்த பெறுபேறும் பாடத்திட்டமும் தருவார்களா? பிள்ளை படித்து முடிய, ஒரு தாளையும் எறிய விடாதேங்கோ.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் கடைசி மேசையில் இருப்பேன். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வாருங்கோ, சேர்ந்து பார்ப்போம்.