உழைப்பவர் கையில் கலை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை நீங்கள் அறிவீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். உழைப்பாளி சிலையாக நிற்கிறான். அவனே சிற்பியாக ஆகலாகாதா? ஆகலாம் என்பதற்கு இருவரின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறேன். இருவரும் எந்த ஓவியப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர்.

முதலாமவர் நேக் சந்த். 1924-இல் பிறந்தவர், நாட்டுப் பிரிவினையால் 1947-இல் சொந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் நகரைக் கட்டியபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். புதிய நகருக்காகப் பழைய சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அங்கே சிதறிக் கிடந்த ஓடுகள், உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகள் ஆகியவற்றை மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, காட்டு நிலம் ஒன்றில் இரவு நேரங்களில் உருவங்கள் சமைத்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் எவருக்கும் தெரியாது. 1975-இல் அரசு அலுவலர்கள் கண்டனர். அரசு நிலம் என்பதால் இடித்திருக்கலாம்; மக்கள் ஆதரவு அதனைக் காத்தது. 1976-இல் பாறைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015-இல் மறைந்தார்.

இரண்டாமவர் தார்ன்டன் டயல். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1928-இல் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்தார். தகரம், கயிறு, கம்பி, கிழிந்த துணி, பழைய கம்பளம் ஆகியவற்றை இணைத்து, மேலே வண்ணம் தீட்டிப் பெரும் படைப்புகளை ஆக்கினார். தம் மக்களின் போராட்டத்தைப் புலியின் வடிவில் காட்டினார். 1993-இல் நியூயார்க் நகரம் அவருடைய ஓவியங்களைக் கண்டது. 2014-இல் அந்நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை ஏற்றுக்கொண்டது. 2016-இல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இருவருமே தம் படைப்பை நெடுங்காலம் மறைத்து வைத்தனர். ஏழை தன் கைவண்ணத்தையும் குற்றப் பொருள்போல் மறைக்க வேண்டியிருந்தது! அந்த அச்சத்தை வளர்த்தவர்களுள் நானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன் துறைமுகத் தொழிலாளியின் மகன் ஒருவன், வகுப்பறைச் சுவரில் கரித்துண்டால் பாரந்தூக்கி ஒன்றை வரைந்தான். அதன் ஒவ்வொரு கம்பியும் இருந்த இடத்தில் இருந்தது. நான் அவனை அடித்து, அவன் கையாலேயே அதனைக் கழுவச் செய்தேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். சுவர் தூய்மையாயிற்று, என் நெஞ்சு ஆகவில்லை.

குப்பையை நம் தலைமேல் சுமத்திய சமுதாயம் இது. ஆகவே குப்பையில் கலை செய்யுங்கள் என்று கூற நான் வரவில்லை. பிறர் ஏவ அள்ளுவது அடிமைத்தனம். எதை எடுப்பது, எதை ஆக்குவது என்று தானே தீர்மானிப்பது கலை. இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.

அதுபோலவே, படிக்காதவர் புகழ் பெற்றார் என்று கூறிப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். தன் படைப்பின் விலையைத் தானே பேசவும், ஒப்பந்தத்தைத் தானே படித்துக் கையொப்பமிடவும் கல்வி வேண்டும். 1850-இல் தொடங்கப்பெற்ற ஓவியக் கல்லூரி பெரியமேட்டில்தான் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து அது தொலைவன்று. நம் பிள்ளைகளுக்கு மட்டும் தொலைவாக இருத்தல் தகாது.

இறுதியாக, கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். எண்ணூர் வலையையும், திருவொற்றியூர் ஆலைப் புகைப்போக்கியையும், தன் தாயின் முகத்தையும் அவர்கள் அதில் வரையட்டும். அச்சுவரை எவரும் கழுவச் சொல்லக் கூடாது. முதல் வண்ணப் பெட்டியை நான் வாங்கித் தருகிறேன். அது கொடையன்று; என் கடன்.