வேரோடும் மண்ணோடும்: ஒரு பழைய சர்வர் இடம் பெயர்ந்த கதை



பழைய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பூட்டியே கிடக்கும் ஓர் அறை இருக்கும். கதவைத் திறந்தால் ஏ.சி.யின் குளிரும் மின்விசிறியின் இரைச்சலும் முகத்தில் அடிக்கும். மூலையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. "இது என்னங்க செய்யுது?" என்று கேட்டால், "அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும் சார், நாங்க யாரும் தொடறதில்லை" என்பார்கள்.

சர்வர் என்பது அந்தப் பெட்டிதான். அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் பொதுக் கணினி. சம்பளக் கணக்கு, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அதற்குள் இருக்கும். ஒருநாள் அது நின்றுபோனால் அலுவலகமே நின்றுபோகும். அப்படி நிற்பதற்கு முன் அதைப் பத்திரமாக வேறிடத்துக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. எங்கள் தொழிலில் இதற்குப் 'பி டு வி' என்று பெயர். கைக்குத் தட்டுப்படும் ஒரு சர்வரை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது மெய்நிகர் இயந்திரமாக மாற்றுவது.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன? பழைய ஊர்களில் ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரே வாசல். உள்ளே ஐந்தாறு குடும்பங்கள், தனித்தனி அடுப்பு, தனித்தனிப் பூட்டு. கிணறு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அதுபோல ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி மென்பொருள். நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுத் தரும் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்த மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த வீட்டுப் பேச்சு காதில் விழும். இங்கே அதுவும் விழாது. ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையம் 1960களிலேயே இதைச் செய்துகாட்டியது. விலை உயர்ந்த ஒரே பெரிய கணினியைப் பலர், அவரவருக்குத் தனிக் கணினி இருப்பதுபோலப் பயன்படுத்த வேண்டும் என்பது அன்றைய தேவை. 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் ஐ.பி.எம். அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் இதற்கான இலக்கணத்தை ஒரு கட்டுரையில் வகுத்தார்கள். உள்ளே ஓடும் மென்பொருள் உண்மையான இயந்திரத்தில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும். வளங்கள் எல்லாம் வீட்டுக்காரரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வேகம் பெரிதாகக் குறையக் கூடாது. இந்த மூன்றுதான் அந்த இலக்கணத்தின் சாரம்.

பிறகு நம் மேசைகளுக்கு வந்த சிறிய கணினிகளின் செயலிகள் இந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் மென்பொருள் நுட்பத்தால் அந்தத் தடையைத் தாண்டியது. 1999இல் மேசைக் கணினிக்கும் 2001இல் சர்வர்களுக்கும் அதன் மென்பொருள்கள் வந்தன. 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலிக்குள்ளேயே இதற்கு வசதி செய்தன. 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. அதற்குப் பிறகு சின்ன அலுவலகங்களுக்கும் இது எட்டும் பொருளாகிவிட்டது.

ஏன் மாற்ற வேண்டும்? ஒரு காலத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினால் அதற்கென்று ஒரு சர்வரும் வாங்குவார்கள். ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமோ என்ற பயம். அந்தச் சர்வர்களில் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதி வேலையே இல்லாமல் மின்சாரத்தை மட்டும் தின்றன. 300 வாட் இழுக்கும் ஒரு சர்வர் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 7.2 யூனிட். ஆண்டுக்கு 2,600 யூனிட்டுக்கு மேல். அது வெளியிடும் சூட்டைத் தணிக்க ஓடும் ஏ.சி.யின் கணக்கு தனி. செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரும்புக்கு வயதாகும். ஹார்டு டிஸ்க் தேயும், மின்விசிறி சிக்கும், பவர் சப்ளை போகும். பத்து வயதான சர்வருக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது.

நான் செய்த ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. 2011ஆம் ஆண்டு. அங்கே சம்பளக் கணக்குக்கென்று 2002இல் வாங்கிய ஒரு சர்வர். அதில் விண்டோஸ் 2000. முந்தைய ஆண்டு ஜூலையோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. சம்பள மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். மூலநிரல் யாரிடமும் இல்லை. நிறுவும் சி.டி. கீறிப்போயிருந்தது. பெட்டியின் நெற்றியில் ஆயுதபூஜைப் பொட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு படிந்து காய்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று துணையாக வைத்த இரண்டு 36 ஜி.பி. டிஸ்க்குகளில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன். "அது எப்பவும் எரியறதுதானுங்க" என்றார்கள். அறுநூறு பேருடைய சம்பளம் மிச்சமிருந்த ஒற்றை டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

மில் மூன்று ஷிப்ட் ஓடும். பொங்கலுக்குத்தான் மூடுவார்கள். போகியன்று மாலை வேலையைத் தொடங்கினோம்.

வளர்ந்த மரத்தை இடம் மாற்றும்போது வேரை உதறி எடுக்க மாட்டோம். சுற்றிலும் உள்ள மண்ணோடு சேர்த்துப் பெயர்ப்போம். இதுவும் அப்படித்தான். மென்பொருளை மட்டும் எடுக்காமல் டிஸ்க்கில் உள்ள அத்தனையையும், இயங்குதளம், அமைப்புகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் அப்படியே ஒரு கோப்பாக நகல் எடுப்பது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கவும் வழி உண்டு. ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடும் சர்வர் 2003ஓடும் வந்த நிழல்நகல் வசதி விண்டோஸ் 2000இல் கிடையாது. ஒருபுறம் நகல் எடுக்க, மறுபுறம் தகவல் மாறிக்கொண்டே இருந்தால் நகல் கோணலாகிவிடும். எனவே சர்வரை நிறுத்தி, ஒரு சி.டி.யிலிருந்து துவக்கி, உறங்குகிற நிலையில் நகல் எடுத்தோம். எழுத்து எழுத்தாக நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை, டிஸ்க் பலவீனமாக இருந்ததால் மூன்று மணி நேரம் ஆனது.

நகலைப் புது இடத்தில், ஒரு மெய்நிகர் இயந்திரமாக இயக்கினோம். நீலத்திரை வந்தது. அதில் 7பி என்று முடியும் ஒரு பிழை எண். இந்த வேலை செய்தவர்கள் அனைவருக்கும் பரிச்சயமான எண் அது. 'நான் எழுந்திருக்க வேண்டிய டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை' என்கிறது விண்டோஸ். பழைய பெட்டியில் டிஸ்க்கை ஆண்ட கன்ட்ரோலர் வேறு. மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பது வேறு. புதியதோடு பேசும் டிரைவர் உள்ளே இல்லை. நகல் டிஸ்க்கை வேறொரு மெஷினில் இணைத்து, சரியான டிரைவரை வைத்து, துவக்கத்திலேயே அதை எழுப்பச் சொல்லி, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் எழுதினோம். மறுபடி இயக்கியபோது, ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்த அதே திரை, அதே பச்சைப் பின்னணியோடு வந்தது. கணக்குப் பிரிவு மேலாளர் கைகூப்பிவிட்டார்.

அடுத்தது நெட்வொர்க் கார்டு. பழைய ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், அது வேறொரு கார்டுக்குச் சொந்தம் என்று மறுத்தது. அந்தக் கார்டு பழைய பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் விண்டோஸின் நினைவில் அது போகவில்லை. மறைந்துள்ள சாதனங்களின் பட்டியலைத் திறந்து அதை நீக்கியபின் முகவரி ஒட்டிக்கொண்டது. பிறகு டிசம்பர் மாதச் சம்பளத்தை மறுபடி போட்டுப் பார்த்து, அச்சிட்டு வைத்த பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம். ஒரு ரூபாய் பிசகவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மில் திறப்பதற்கு முந்தைய மாலை, டைம் ஆபீஸில் முப்பது வருடமாக இருந்த பெரியவர் ஒருவர் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். பழைய பெட்டியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, கேட்டுல இருக்கற பஞ்ச் மெசினோட வயரு இதுலதானுங்க சொருகியிருந்துச்சு. அதையும் அங்க மாத்திட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியின் பின்னால் சீரியல் போர்ட்டில் ஒரு சாம்பல் நிற வயர். சுவரோடு சுவராக ஓடி, ஜன்னல் வழியாக வெளியேறி, கேட்டுக்குப் போகிறது. தொழிலாளர்கள் உள்ளே வரும்போது அட்டை தேய்க்கும் இயந்திரத்தின் வயர். நான் சேகரித்த எந்தக் காகிதத்திலும் அது இல்லை. மேலாளருக்கும் தெரியாது. பெரியவர் கேட்காமல் போயிருந்தால், மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்களின் வருகை எங்கும் பதிவாகியிருக்காது. பிழை தெரியவரும் நாள் சம்பள நாளாக இருந்திருக்கும். வந்து உழைத்தவர்கள் வரவில்லை என்று கணக்கு சொல்லியிருக்கும்.

அன்றிரவு அந்த வயரைப் புது இயந்திரத்தின் சீரியல் போர்ட்டில் செருகி, அந்தப் போர்ட்டை மெய்நிகர் சர்வருக்கு ஒதுக்கினோம். பிறகு, சீரியல் இணைப்பை நெட்வொர்க் இணைப்பாக மாற்றித்தரும் சிறு கருவி வாங்கிப் பொருத்தினோம்.

நேயர்களே, அன்று கற்றதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். டிஸ்க்கை நகல் எடுக்க மென்பொருள் உண்டு. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தச் சர்வரை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்பது டிஸ்க்கில் எழுதியிருக்காது. அது டைம் ஆபீஸ் பெரியவரிடம் இருக்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓர் அறிக்கை எடுக்கும் எழுத்தரிடம் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை போனஸ் கணக்குப் போடுபவரிடம் இருக்கும். அதன்பிறகு நான் ஏற்ற ஒவ்வொரு வேலையிலும் முதல் வாரம் கணினியைத் தொடவில்லை. ஆட்களிடம் பேசினேன். பின்பக்கம் செருகியிருக்கும் ஒவ்வொரு வயரையும் அதன் மறுமுனை வரை நடந்துபோய்ப் பார்த்தேன். சில மென்பொருள்கள் டாங்கிள் என்ற சிறு சாவி செருகியிருந்தால்தான் திறக்கும். அதைத் தேடினேன். பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது என்பதால் உரிமக் காகிதங்களையும் கேட்டு வாங்கினேன்.

மாற்றிய பிறகும் சில கவனங்கள் வேண்டும். பழைய சர்வரை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு முழு மாதக் கணக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள். நெட்வொர்க் வயரைக் கழற்றி வையுங்கள். ஒரே பெயரில், ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள் கண்விழித்தால் இரண்டும் குழம்பும்.

ஒண்டுக்குடித்தனத்துக் கிணறு வற்றினால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. அதேபோல, பத்து சர்வர்களை ஒரே இயந்திரத்தில் குடிவைத்தால் அது நிற்கும்போது பத்தும் நிற்கும். வசதி இருந்தால் இரண்டாவது இயந்திரம் ஒன்று வேண்டும். வசதி இல்லாவிட்டாலும் பேக்கப் கட்டாயம் வேண்டும், அதுவும் வேறு கட்டடத்தில். மெய்நிகர் சர்வர் என்பது கடைசியில் சில கோப்புகள்தான் என்பதால் இது முன்பைவிட எளிது.

இன்னொன்று. இடம் மாறினாலும் வயது குறையாது. விண்டோஸ் 2000 எங்கே ஓடினாலும் விண்டோஸ் 2000தான். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் சர்வர் 2003க்கும்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பழைய இயங்குதளத்தை இணையத்திலிருந்து துண்டித்து, தேவையானவர்கள் மட்டும் தொடக்கூடிய தனி நெட்வொர்க்கில் வையுங்கள். கிடைத்திருக்கும் அவகாசத்தில் புதிய மென்பொருளுக்குத் திட்டமிடுங்கள்.

அந்த மில்லில், நாங்கள் கேட்டறிந்த அனைத்தையும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் தமிழில் எழுதிவைத்தோம். எந்த வயர் எங்கே போகிறது, எந்த வேலை எந்தத் தேதியில் ஓடுகிறது, நின்றால் யாரை அழைப்பது. முதல் பக்கத்தில் பஞ்ச் மெஷின் வயர். அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பொட்டு வைக்கக் கறுப்புப் பெட்டி இல்லை. சர்வர் அறையில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் அந்த நோட்டை வைத்திருந்தார்கள். டைம் ஆபீஸ் பெரியவர்தான் சந்தனம் குழைத்து அதன் அட்டையில் பொட்டு வைத்தார்.

உங்கள் அலுவலகத்திலும் யாரும் தொடாத ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலையில் அதன் முன்னால் எரியும் விளக்கு என்ன நிறம் என்று ஒருமுறை பாருங்கள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அங்கே நீண்ட நாள் வேலை செய்தவரிடம் போய் உட்காருங்கள்.