ஒரு துளி இரத்தத்தின் பயணம்



வெண்கட்டித் துண்டொன்றின் அடியிலே கறுப்பு மையால் ஒரு புள்ளியிட்டு, புள்ளி நனையாதபடி சிறிதளவு நீரில் நிறுத்திவையுங்கள். நீர் மேலேற ஏற, அந்தக் கறுப்பு பல நிறங்களாகப் பிரிந்து நிற்கக் காணலாம். நீரோடு விரைந்து செல்வன சில. வெண்கட்டியைப் பற்றிக்கொண்டு பின்தங்குவன சில. சுவெற் என்னும் உருசிய அறிஞர், கல்சியம் காபனேற்றுத் தூள் நிரப்பிய குழாயிலே இலைகளின் நிறப்பொருள்களை இவ்வாறு பிரித்து, 1906 இல் இம்முறைக்கு நிறப்பகுப்பு என்று பெயரிட்டார். நெடுந்தீவின் பவளக்கல் மதில்களும் பெரும்பாலும் அதே கல்சியம் காபனேற்றுத்தான் என்பதை, கலைப்பட்டதாரியாகிய நான் பிந்தித்தான் அறிந்தேன்.

நம் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள அமினோ அமிலங்களுக்கோ நிறமில்லை. அவற்றைக் குழாயிலே பிரித்து, நின்ஹைதரினோடு சேர்த்துச் சூடாக்கினால் பெரும்பாலானவை ஊதாவாகின்றன. நிறத்தின் செறிவே அளவைக் காட்டுகிறது. மூர், ஸ்ரைன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1958 இல் இதனைத் தானே இயங்கும் கருவியாக்கினர். 1972 இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றனர். இன்றைய கருவிகள் உயர் அமுக்கத்தில், மிகச் சிறிய அளவு திரவத்தைக் கொண்டே இவ்வேலையை முடிக்கின்றன.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். பினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்க இயலாத குழந்தை, பிறக்கும்போது குறை தெரியாமலே பிறக்கிறது. கவனியாதுவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றும். முதற் சில வாரங்களுள் கண்டு உணவை மாற்றினால் அக்கேட்டைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறை இது. மச்சான் மச்சாள் மணம் மலிந்த இடங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தார் 1980களில், கருநாடகத்தில் 1 இலட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை இத்தகைய குறைகளுக்காகச் சோதித்தனர்.

தீவுகளில் இடர்ப்பாடு வேறு. இரத்தத்தை எடுத்தவுடன் செங்குழியங்களை நீக்கி, எஞ்சிய தெளிவை உறைகுளிரில் வைத்தல் வேண்டும். தாமதித்தால் குளுற்றமின் குறையும். ஆர்ஜினின், ஓர்னிதீனாக மாறும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பால் பஸ் பயணம். கருவி பொய் சொல்லாது. வழியிலே மாறிப்போன இரத்தத்தைத்தான் அது அளக்கும்.

1960களின் தொடக்கத்தில் ரொபேட் கத்ரி என்னும் மருத்துவர் கையாண்ட வழி நமக்கு ஏற்றது. குழந்தையின் குதிக்காலிலே குத்தி எடுத்த இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தினால், தபாலிலும் அனுப்பலாம். அதிலே ஐயந் தோன்றினால் மட்டும் மறுபடி இரத்தம் எடுத்து முழுமையாக அளக்க வேண்டும். அந்தக் குப்பி பனிக்கட்டியோடுதான் வள்ளம் ஏறவேண்டும்.