எடை குறைக்கும் சத்திரசிகிச்சை: இரு வாயில்கள்

கொழுப்பு என்ற சொல்லுக்கு நம்மவர் பேச்சிலே செருக்கு என்றொரு பொருளும் உண்டு. உடல் பருத்தவரை நோயாளராகக் கருதாது, நாவை அடக்கத் தெரியாத குற்றவாளியாகக் கருதும் மனப்பான்மை அந்தச் சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. மிகுந்த உடற்பருமனுக்குச் சத்திரசிகிச்சை உண்டு என்று கேள்விப்படுவோர் பலர், அதனை அரசாங்க வைத்தியசாலையிலே கேட்கக் கூசுவதும் இதனாலேதான். காசுள்ளவர் செய்துகொள்ளும் ஆடம்பரம் அது என்று எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர்.

அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சை அன்று இது. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை கூடாதிருப்பதைக் கவனித்த அமெரிக்க நிபுணர் எட்வேட் மேசன் என்பவர், 1966-ஆம் ஆண்டளவில் அயோவாப் பல்கலைக்கழகத்திலே இதற்கு வழிகோலினார். இன்று பெரிதும் கையாளப்படும் முறையில், இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீக்கப்பட்டு, எஞ்சியது சட்டைக் கை போன்ற ஒரு குழாயாக விடப்படுகின்றது. உண்ணும் அளவு குறைகின்றது. பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகின்றது. நீரிழிவுள்ளோர் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிகின்றது. சிலருக்கு, சில காலமேனும், மருந்தே வேண்டாத நிலை ஏற்படுகின்றது.

ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். வட மாகாணத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றுபவர், வயது 45. உயரம் 1.60 மீற்றர், எடை 100 கிலோகிராம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி 39 ஆகின்றது. பத்தாண்டுகளாக நீரிழிவும் உண்டு. இத்துறை நிபுணரின் சர்வதேசச் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சுட்டி 35-ஐத் தாண்டினாலே இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது; ஆசிய மக்களுக்கோ 27.5 என்ற அளவிலேயே அதுபற்றிப் பேசலாம். எனவே அம்மையார் தகுதியுடையவரே. கனடாவிலிருக்கும் தம்பி, “அக்கா, காசைப் பற்றி யோசியாதேயுங்கோ” என்று தொலைபேசியிலே சொல்லிவிட்டார். பாதி அவர் அனுப்புவார். மீதிக்குக் காணியை ஈடு வைக்கவேண்டும். வைக்கலாமா?

நம் நாட்டிலே இக்கேள்விக்குத் தனியானதொரு சிக்கல் உண்டு. அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனிப்பட்ட முறையிலும் நோயாளரைப் பார்ப்பதற்கு 1977-இல் அனுமதி வழங்கப்பட்டது. ஆகவே, மாலையிலே ‘சனல்’ செய்து காணும் நிபுணரும், காலையிலே போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் இருப்பவரும் பல வேளைகளில் ஒருவரே. வாயில்தான் இரண்டு, கத்தி பிடிக்கும் கை ஒன்று. காசு கொடுத்து வாங்குவது திறமையை அன்று. நாளையும், தனியறையையும், இன்னார்தான் செய்யவேண்டும் என்ற உறுதியையுமே வாங்குகின்றோம்.

நாள் என்பது சிறிய பொருளா? அன்று. இச்சிகிச்சை எல்லா அரசாங்க வைத்தியசாலைகளிலும் நடைபெறுவதில்லை. நடைபெறும் இடங்களிலும் விபத்துக்குள்ளானவரும் புற்றுநோயாளரும் முந்திக்கொள்வர். அது நியாயமே. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, மருந்தும் உபகரணங்களும் இன்றி, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் சில வைத்தியசாலைகளில் ஒத்திவைக்கப்பட்டதையும் கண்டோம். இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவிக்குரிய பொருள்கள் விலை மிக்கவை. ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுபவை.

ஆயினும் காத்திருப்பு முழுவதும் வீண் அன்று. உணவியலாளரின் ஆலோசனை, மனநிலை பற்றிய மதிப்பீடு, உறக்கத்திலே மூச்சுத் தடைப்படுகின்றதா என்ற பரிசோதனை ஆகியவற்றுக்குக் காலம் வேண்டும். காசு கொடுப்பவரை இவற்றைத் தாண்டி அடுத்த கிழமையே மேசையிலேற்றும் இடம் ஒன்று இருக்குமானால், அந்த விரைவைக் கண்டு அஞ்சுவதே அறிவுடைமை. மறுபுறம், சர்க்கரை கட்டுக்கடங்காது கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்கிய பின்னும், திகதியில்லாத பட்டியலிலே பொறுமை காப்பது ஒரு சிறப்பும் அன்று. அத்தகையவர் செலவிடுவாரானால் அதனை ஊதாரித்தனம் என்று எவரும் சொல்லலாகாது.

ஆனால், எவ்வளவைச் செலவிடுவது என்பதிலேதான் பலர் இடறுகின்றனர். தனியார் வைத்தியசாலை சொல்லும் தொகைக்குள் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை எழுத்திலே கேட்டுப் பெறவேண்டும். தைத்த இடத்திலே கசிவு ஏற்படுவது அரிது, ஏற்பட்டால் உயிராபத்து. அந்நிலையிலே இரண்டாவது சத்திரசிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலே கழியும் நாள்களுக்கும் யார் பணம் கட்டுவது? அத்தகைய பிரிவு அங்கே இருக்கின்றதா? காப்புறுதி இருப்பின், எடை குறைப்புச் சிகிச்சையை அது ஏற்குமா? இவற்றைக் கேட்பதற்கு நாணமே வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மேசையிலே கழிவது ஓரிரு மணித்தியாலம். அதன்பின் வருவது ஆயுட்காலம். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி என்பன குறையாதிருக்க நாள்தோறும் குளிசைகளும், காலந்தோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். எடை விரைவாகக் குறையும்போது பித்தப்பையிலே கல் தோன்றுவதும் உண்டு. காணியை ஈடு வைத்து வந்த பணம் முழுவதையும் முதல் நாளிலேயே கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டிலே குளிசைக்குக் காசிராது. கற்பனை அம்மையாரின் காணிக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

இரு வாயில்களையும் ஒருங்கே பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்பதைப் பலர் அறியார். நிபுணரை ஒருமுறை தனியாகக் கண்டு, அவர் கடமையாற்றும் அரசாங்கக் கிளினிக்கிலே பெயரைப் பதியலாம். அன்றிக் காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றபின், தொடர்ந்து வரும் கண்காணிப்பை ஊருக்கு அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகப் பெறலாம். இவ்வாறு செய்வோர், வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது, எந்த முறைச் சிகிச்சை, எத்திகதியில், எவரால் செய்யப்பட்டது என்பன தெளிவாக எழுதப்பட்ட நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு நள்ளிரவிலே வயிற்று வலியென்று கொண்டுபோகப்படும்போது, உள்ளே இருப்பது மாற்றியமைக்கப்பட்ட இரைப்பை என்பதை அங்குள்ள வைத்தியருக்கு அறிவிக்க அந்த அட்டை உதவும்.