பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது

(மீள்குடியேறச் செல்லும் குடும்பங்களுக்குச் சிறுவர் விடுதித் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



முகாமில் இருந்தவரை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு கூடாரம் தள்ளிக் கிளினிக் இருந்தது. ஊரில் அப்படி இராது. பஸ் வரும் நேரம் பார்க்க வேண்டும். கையில் ஒரு பனடோல் பாணிப் போத்தல்தான் இருக்கும். அதைப் பற்றித்தான் முதலில் பேசப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயிடம் அந்தப் பாணியைக் கொடுத்து, "ஒரு கரண்டி குடுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். நான் நினைத்தது 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி. அவரிடம் இருந்ததோ ஒரேயொரு சாப்பாட்டுக் கரண்டி. அது ஏறக்குறைய 15 மில்லிலீற்றர் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று மடங்கு மருந்து போயிருக்கிறது. இரண்டாம் நாள் பிள்ளை சத்தியோடு திரும்பி வந்தது. ஈரல் பழுதாகாமல் தப்பியது. பிழை அந்தத் தாயுடையது அல்ல, என்னுடையது. அதன் பிறகு நான் கரண்டிக் கணக்குச் சொல்வதில்லை.

மருந்தின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் பரசிற்றமோல் போதும். போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்" என்று இருந்தால் 5 மில்லிலீற்றர் கொடுக்கலாம். 250 என்று இருந்தால் அதில் பாதிதான். போத்தல்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தை வாசியுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் கலண்டரில் எழுதுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் அம்மம்மாவும் கொடுப்பது எங்கள் வீடுகளில் நடக்கிற விஷயம். கடையில் வாங்கும் தடிமன் மருந்திலும் பரசிற்றமோல் இருக்கக்கூடும்.

அஸ்பிரின், புரூபன் இரண்டையும் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் இரத்தப்போக்கை அவை கூட்டிவிடும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி. பைக்கற்றில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைக் கண்ணளவில் கரைக்கக் கூடாது. 24 மணித்தியாலம் கழிந்தால் ஊற்றிவிடுங்கள்.

இன்னொன்று. விளக்குக்கு வாங்கும் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் சத்தியெடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்க இயலாமை, நெஞ்சு உள்ளிழுத்து மூச்சு விடுதல், எழுப்ப எழுப்ப நித்திரை: இவற்றுக்கு வீட்டில் மருந்து இல்லை. பஸ்ஸைப் பாராமல், யாருடைய மோட்டார் சைக்கிளென்றாலும் மறியுங்கள்.

இப்போது அந்த மேசைக்கு வாருங்கள். ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று இருக்கிறது. தண்ணீரை இழுத்து அளந்து காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். அம்மம்மாமார் முதலில் வாருங்கள்.