கடற்புழுவின் முட்டையும் பிறவி உயர்வும்



கடற் பிராணிகளை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பற்றி இன்று நாம் பேச வந்திருக்கின்றோம். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்பது அவர் பெயர். கடற்புழுவின் முட்டையை ஒருவர் ஆராய்ந்தால் அதில் நமக்கென்ன என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜஸ்ட் அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1883-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். அந்நாட்டில் கறுப்பரை விலைக்கு வாங்கி விற்கும் அடிமை முறை 1865-ல் சட்டத்தில் ஒழிந்ததே தவிர, வெள்ளையர் மனத்தில் ஒழியவில்லை. 4 வயதில் தகப்பனாரை இழந்த குழந்தையைத் தாயார் மேரி அம்மையார் பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்தும், பாஸ்பேட் சுரங்கத்தில் உழைத்தும் காப்பாற்றினார். அதோடு நில்லாமல் அக்கம்பக்கத்துக் கறுப்பர்களை ஒன்று சேர்த்து ஓர் ஊரையே உண்டாக்கினார். அவ்வூருக்கு அவர் பெயராலேயே மேரிவில் என்று பெயர் வந்தது. தலைவிதி என்று அந்த அம்மையார் மூலையில் உட்கார்ந்திருந்தால் இன்று நாம் பேசுவதற்கு விஷயமே இருந்திராது.

மகன் வடக்கே போய், கிம்பல் யூனியன் பள்ளியில் 4 வருஷப் படிப்பை 3 வருஷத்தில் முடித்தார். டார்ட்மத் காலேஜில் 1907-ல் உயர்ந்த சிறப்போடு பட்டம் பெற்றார். ஆனால் கறுப்பர் எவ்வளவு படித்தாலும் வெள்ளையர் சர்வகலாசாலைகளில் அவருக்கு உத்தியோகம் கிடைப்பது அரிது. ஆகவே வாஷிங்டனில் கறுப்பர்கள் படிப்பதற்கென்று ஏற்பட்ட ஹோவர்டு சர்வகலாசாலையில் முதலில் ஆங்கிலமும் பிறகு உயிர்நூலும் போதித்தார். 1909 முதல் ஏறக்குறைய 20 வருஷகாலம் கோடைதோறும் மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள உட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், பேராசிரியர் பிராங்க் லில்லியிடம் தொழில் கற்றுத் தாமும் ஆராய்ந்தார்.

நீரீஸ் என்று ஒரு கடற்புழு உண்டு. கோடைகாலத்தில் பொழுது சாய்ந்தபின் அது கூட்டங் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து முட்டையும் விந்தும் விடும். வளர்பிறை தேய்பிறையை ஒட்டி அக்கூட்டம் பெருகும், குறையும். இதைக் கண்ட ஜஸ்ட் சந்திரனுக்குப் பூஜை போடவில்லை. விளக்கையும் வலையையும் எடுத்துக்கொண்டு இரவிரவாகப் போய்க் கணக்கெடுத்தார். 1913-ல் லில்லியும் அவரும் அதை வெளியிட்டார்கள்.

அதற்கு முந்திய வருஷமே அவர் ஒன்று கண்டறிந்தார். நீரீஸ் முட்டை முதன்முதலில் இரண்டாகப் பிளக்கின்றதே, அந்தக் கோடு எங்கே விழும்? விந்தணு எந்த இடத்தில் நுழைகின்றதோ அந்த இடத்தை ஒட்டி விழும் என்று காட்டினார். அதாவது, அந்தக் கோடு முன்கூட்டியே முட்டையில் எழுதிவைத்த எழுத்தல்ல! பிறகு கடல் முள்ளெலிக்கு உறவான ஒரு தட்டைப் பிராணியின் முட்டையில், விந்தணு பட்ட இடத்திலிருந்து ஒரு மாறுதல் அலைபோல மேற்பரப்பு முழுவதும் பரவி, வேறு விந்தணு நுழையாதபடி தடுத்துவிடுகின்றது என்று 1919-ல் எழுதினார். முட்டையின் மேற்பரப்பு வெறும் உறை என்று எண்ணியிருந்த காலத்தில், உயிரின் முக்கிய வேலைகளில் பல அங்கேதான் நடக்கின்றன என்றார்.

அழுக்குக் கண்ணாடிப் பாத்திரத்திலும், வெப்பம் ஏறிய தண்ணீரிலும் பாதி செத்த முட்டையை வைத்துக்கொண்டு உயிரைப் பற்றிச் சித்தாந்தம் பேசுவதை அவர் ஒப்பவில்லை. சொன்னவர் எவ்வளவு பெரியவரானாலும் சரி, பரீட்சித்துப் பார்த்த பிறகே ஏற்றார்.

1915-ல் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தார் ஏற்படுத்திய ஸ்பிங்கார்ன் பதக்கம் முதன்முதலாக அவருக்கே கிடைத்தது. 1916-ல் சிக்காகோ சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் கொடுத்தார்கள், புகழ்ந்தார்கள், முட்டையைக் கையாளும் முறையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் பெரிய வெள்ளையர் சர்வகலாசாலை எதுவும் ஒரு நாற்காலி கொடுக்கவில்லை. யோக்கியதை இருந்தால் எவனும் முன்னுக்கு வரலாம் என்று சொல்லுகின்றவர்களைக் கேட்கின்றோம்: இவருக்கு எந்த யோக்கியதை குறைந்தது?

மனம் கசந்து 1929-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கும், 1930-ல் பெர்லினுக்கும் போனார். அங்கே அவரை விஞ்ஞானியாக மதித்தார்கள். ஆனால் 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. பிறவி பார்த்து யூத அறிஞர்களைத் துரத்தியது. 1940-ல் ஜெர்மன் சேனை பிரான்சில் புகுந்தபோது, அங்கே ராஸ்காப் கடற்கரையில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜஸ்டும் சில நாள் காவலில் வைக்கப்பட்டார். பிறவி வெறிக்குத் தேச எல்லை உண்டா என்று யோசித்துப் பாருங்கள். நாடு திரும்பிய அவர் 1941 அக்டோபர் 27-ந் தேதி புற்றுநோயால் இறந்தார். வயது 58.

1939-ல் அவர் வெளியிட்ட இரண்டு புத்தகங்களும் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. பரம்பரைக் குணங்களைக் கொண்டுசெல்லும் ஜீன்களின் வேலையை அவர் குறைத்தே மதித்தார். அது தவறு என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது. ஆனால் விந்தணு சேர்ந்ததும் முட்டையின் மேற்பரப்பே முந்திக்கொண்டு கதவடைக்கின்றது என்பது, கடல் முள்ளெலி முட்டையில் மின்சார மாறுதலை அளந்து 1976-ல் உறுதியாயிற்று. தவறைத் தள்ளிச் சரியைக் கொள்வதுதான் பகுத்தறிவு. அந்த மரியாதையையே அவருக்கு நாம் செய்கின்றோம்.

1996-ல் அமெரிக்க சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டார்கள். உயிரோடிருந்தபோது கொடுக்காத நாற்காலிக்கு, செத்து 55 வருஷம் கழித்து ஒரு தபால் தலை! அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை உண்மைகள் வெளிப்பட்டிருக்கும்? நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, மனித சமூகம் முழுமைக்குமே என்பது நமது அபிப்பிராயம்.

பிறவியினால் அறிவு வரும் என்றும், இன்ன ஜாதியானுக்கு இன்ன தொழில் என்றும் நம்மிடம் யாராவது சொல்ல வந்தால், இந்தப் பெயரைச் சொல்லிக் காரணம் கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.